போன்சாயைப் பழிக்கும் பேச்சாளர்களுக்கு



நம் தமிழ்ப்பள்ளி மேடைகளில் ஓர் உவமை நெடுங்காலமாகக் குடியிருந்து வருகிறது. பரிசளிப்பு விழாவாயினும் சரி, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டமாயினும் சரி, தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவர் ஒலிபெருக்கியைப் பற்றிக்கொண்டு, "பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளைப் போன்சாய் மரமாக்கி விடாதீர்கள்! வேரை வெட்டி, கிளையை வளைத்து, தட்டுக்குள் அடைத்துவிடாதீர்கள்! அவர்களை ஆலமரமாக வளர விடுங்கள்!" என்று முழங்குவார். மண்டபம் கைதட்டும். முன்வரிசைத் தாய்மார்கள் கண்கலங்குவர். பேச்சாளர் பொன்னாடையைப் பெற்றுக்கொண்டு அடுத்த மேடைக்குப் புறப்படுவார்.

இந்த உவமை பிழையானது. பிழை என்பதோடு நின்றிருந்தால் நானும் கைதட்டிவிட்டுப் போயிருப்பேன். இது நம் பள்ளிகளில் தீங்கும் செய்துகொண்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சிரம்பானை அடுத்த ரஹாங் வட்டாரத்தில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். இத்தி, ஆல், அரசு ஆகிய அத்திக் குடும்பத்து மரங்களைப் பல்லாண்டுகளாகத் தட்டுகளில் வளர்த்து வருகிறேன். அந்தப் பழக்கம் தந்த துணிவே இக்கட்டுரைக்கு முதல்.

பட்டினி போட்டு வளர்க்கும் மரமா?

போன்சாய் என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் 'தட்டில் நடப்பட்டது' என்பதே பொருள். இக்கலையின் தாய்வீடு சீனம். கி.பி. 706ஆம் ஆண்டைச் சேர்ந்த சீன இளவரசர் கல்லறை ஒன்றின் சுவரோவியத்தில், கற்களும் சிறு செடிகளும் அமைந்த தட்டினைப் பணியாளர் ஏந்திச் செல்லும் காட்சி உள்ளது. இந்தியாவில் இதனை 'வாமன விருட்சக் கலை' என்று வழங்குவோரும் உளர்.

போன்சாயைப் பழிப்போர் மூன்று குற்றங்களைச் சுமத்துகின்றனர்: மரத்தைப் பட்டினி போடுகிறார்கள், வேரை வெட்டிக் கொல்கிறார்கள், இனி அது வளரவே முடியாதபடி முடமாக்குகிறார்கள். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பட்டினி. தட்டிலுள்ள இத்தி மரத்துக்கு ஒரு வாரம் நீர் ஊற்றாமல் விட்டுப் பாருங்கள். நம் நாட்டு வெயிலில் அது இலையுதிர்த்து, நுனிக் கிளைகள் காய்ந்து, உயிருக்குப் போராடும். நாள்தோறும் நீர், வெயில் காய்ந்தால் இரு வேளையும் நீர், முறை தவறாமல் உரம், நல்ல வெயில் ஆகியவை இருந்தால்தான் அது வாழும். காட்டு மரம் தன் வேரைத் தொலைவுக்கு அனுப்பித் தன் தேவையைத் தானே தேடிக்கொள்ளும். தட்டிலுள்ள மரத்துக்கு அந்த வழி இல்லை. ஆகவே வளர்ப்பவர் ஒரு நாளும் மறக்கக்கூடாது.

இரண்டாவது, வேர் வெட்டு. தட்டு நிறைய வேர் சுற்றிக்கொண்டால் நீரும் காற்றும் உட்புகா. வேர் அழுகும். அதனால் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை மரத்தை எடுத்து, பழைய வேரில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கி, புது மண்ணில் வைக்கிறோம். வெட்டிய இடத்திலிருந்து நீரை உறிஞ்சும் இளவேர்கள் புறப்படுகின்றன. மரம் புத்துயிர் பெறுகிறது. நகம் வெட்டுவதை உடலூனம் என்று எவரும் சொல்வதில்லையே!

மூன்றாவது, முடம். தட்டிலிருக்கும் ஆலின் மரபணுவும் கோயில் வாசலில் நிற்கும் ஆலின் மரபணுவும் ஒன்றே. நல்ல நிலையிலுள்ள போன்சாயை எடுத்துத் தரையில் நட்டால், அது தன் இயல்பான பருமனை நோக்கி வளரத் தொடங்கிவிடும். தட்டு அதன் அளவைக் கட்டுப்படுத்துகிறது. அதன் இயல்பை மாற்றுவதில்லை.

ஆயுளையும் கேளுங்கள். இத்தாலியின் மிலான் நகருக்கு அருகிலுள்ள பராபியாகோ ஊரில் 1991ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிரெஸ்பி போன்சாய் அருங்காட்சியகத்தில் ஓர் அத்தியின மரம் உள்ளது. அதற்கு ஆயிரம் வயதுக்கு மேல் என்று அவ்வருங்காட்சியகத்தார் கூறுகின்றனர். வாஷிங்டனில் ஓர் ஊசியிலை மரம் உள்ளது. 1625ஆம் ஆண்டு முதல் தட்டில் வளர்ந்துவரும் அம்மரம், 1945ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஒரு மதிலுக்குப் பின்னால் இருந்து பிழைத்தது. யமாகி குடும்பத்தினர் அதனை 1976ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கு நன்கொடையாகத் தந்தனர். அதன் வரலாறோ, அக்குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் 2001ஆம் ஆண்டு நேரில் வந்து பார்த்தபோதுதான் அங்குள்ளோருக்குத் தெரியவந்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, ஒரு நாளும் நீர் தவறாமல் வந்த மரத்தையா 'கொடுமைக்கு உவமை' என்கிறோம்?

இரக்கத்தின் பேரால் இறந்தவை

உவமை செய்த தீங்கு இதுதான். ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) மாணவர்கள் நான்காண்டுகளாக ஏழு அத்தியினக் கன்றுகளைத் தட்டுகளில் வளர்த்தனர். நான்காம் ஆண்டில் ஒரு விழாவுக்கு வந்த பேச்சாளர் வழக்கமான உவமையை எடுத்து வீசினார். போகிறபோக்கில், "உங்கள் பள்ளி வாசலிலேயே அந்தக் கொடுமையைப் பார்த்தேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். அடுத்த வாரமே பெற்றோர் சிலர், அவை பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கும் என்று முறையிட்டனர். ஏழு தட்டுகளும் பண்டகச் சாலைக்குப் பின்புறம் கொண்டுபோகப்பட்டன. பள்ளி விடுமுறை வந்தது. விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்பியபோது ஏழும் சுள்ளியாய்க் கிடந்தன. நான்காண்டுகள் 'கொடுமை'யில் தழைத்திருந்த மரங்கள், இரக்கம் காட்டப்பட்ட சில வாரங்களில் தாகத்தால் செத்தன.

அந்த மாணவர்கள் அன்று கற்றுக்கொண்ட பாடம் என்ன? நீங்களே சொல்லுங்கள்.

அத்தியைக் குறுக்குவது எது?

உங்கள் பள்ளியின் மழைநீர்க் குழாயை அண்ணாந்து பாருங்கள். கால்வாய்ச் சுவர் விரிசலைக் குனிந்து பாருங்கள். பறவை தின்று எச்சமிட்ட விதையிலிருந்து ஓர் அரசங்கன்றோ இத்தியோ முளைத்திருக்கும். மண் இல்லை. உரம் இல்லை. மழை பெய்தால் நீர் உண்டு, இல்லையேல் இல்லை. பத்தாண்டு வயதிருக்கும், ஆனால் ஒரு முழ உயரம்கூட இராது. ஆண்டுக்கொரு முறை துப்புரவுப் பணியாளர் வந்து ஒடித்துப் போடுவார், அல்லது களைக்கொல்லி தெளிப்பார். வேர் மட்டும் சுவருக்குள் பிழைத்துக் கிடந்து மறுபடியும் துளிர்க்கும்.

இதுதான் உண்மையாகவே குறுக்கப்பட்ட மரம். இதனைக் குறுக்கியது எவருடைய கத்தரிக்கோலும் அன்று, எவரும் கவனிக்காமையே. பேச்சாளர்கள் உவமை தேடுவார்களானால், வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு இந்தச் சுவர்க் கன்றைச் சொல்லட்டும். அப்பன் முகம் பாராத பிள்ளை, கைப்பேசியே தாலாட்டான பிள்ளை, மூன்றாம் ஆண்டு வந்தும் எழுத்துக்கூட்ட வராததை எவரும் கவனிக்காத பிள்ளை: இவர்கள் தட்டில் வளர்ந்தவர்கள் அல்லர், விரிசலில் முளைத்தவர்கள்.

போன்சாயில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. கிளைக்கு வடிவம் கொடுக்க அலுமினியக் கம்பியைச் சுற்றி வளைப்போம். அத்தியினம் விரைந்து பருக்கும். நாலு வாரம், ஆறு வாரம் கடந்தால் கம்பி பட்டையில் புதையத் தொடங்கும். அத்தழும்பு மறையப் பல்லாண்டுகள் ஆகும். கம்பி கட்டுவது குற்றமன்று. கட்டிவிட்டுத் திரும்பிப் பாராதிருப்பதே குற்றம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அத்தேர்வுக்கெனச் சுற்றிய கம்பிகளை இன்னும் அவிழ்க்காத வீடுகள் எத்தனை! திங்கள் முதல் ஞாயிறு வரை பிரத்தியேக வகுப்பு. எதற்கென்று கேட்டால் விடை இல்லை. மேடைக்கு உவமை வேண்டுமா? "கம்பியைக் கட்டிவிட்டு மறந்துபோகாதீர்கள்" என்று சொல்லுங்கள். அது உண்மை, பயனும் உடையது.

நம் கைக்கு அந்நியமான கலையா?

"ஜப்பான்காரன் கலை நமக்கெதற்கு?" என்பார் உளர். அவர்களுக்கு நம் தோட்ட வரலாற்றையே நினைவூட்டுகிறேன்.

நம் பாட்டன் பாட்டியர் சீவிய பால்மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து அதன் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். 1877ஆம் ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாருக்குச் சென்றன. ஆனால் அதற்கு முன்பே இவ்வட்டாரத்துக் காடுகளில் 'ரம்போங்' என்னும் மரத்திலிருந்து ரப்பர்ப் பால் எடுத்து வந்தனர். தொடக்ககாலத் தோட்டங்கள் சிலவற்றில் ரம்போங்கையும் பயிரிட்டுப் பார்த்தனர். பிறகே பிரேசில் மரம் அதனை விஞ்சியது. அந்த ரம்போங், ஆலுக்கும் அரசுக்கும் உடன்பிறப்பான அத்தியின மரம். இன்று நம் வீட்டு வரவேற்பறைகளில் 'ரப்பர் செடி' என்று பளபளக்கும் தடித்த இலைச் செடியும் அதுவே.

மேலும், மரத்தின் பட்டையை அறிந்த விரல்கள் நம்மைப்போல் எவருக்கு இருந்தன? பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். அதற்குக் கீழுள்ள உயிருள்ள படலத்தை உளி தொட்டுவிடக் கூடாது. தொட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக ஆறும், மறுமுறை சீவ முடியாது. இருள் விலகாத காலையில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த நுட்பத்தை நாள்தோறும் செய்தவர்கள் நம்மவர்கள். பள்ளியில் ஒருமுறை ஆலங்கிளையில் பதியன் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பேரனை அழைத்துப் போக வந்த பாட்டி ஒருவர் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "வாத்தியாரே, கத்திய இப்படிக் கொடுங்க" என்று வாங்கி, ஒரே சுற்றில் பட்டையை வளையமாகக் கழற்றிவிட்டார். "முப்பத்தஞ்சு வருசம் பால் வெட்டின கை" என்றார். மாணவர்கள் வாய்பிளந்து நின்றனர். தன் பாட்டிக்கு ஒரு கல்வி உண்டு என்பதை அந்தப் பேரன் அன்றுதான் கண்டான். அந்தக் கல்விக்கு நம் பள்ளிகளில் நாம் அமைத்துக்கொடுத்த இடம் எது?

ஒரு தட்டில் எத்தனை பாடங்கள்!

'அத்தி பூத்தாற்போல' என்று மரபுத்தொடர் கற்பிக்கிறோம். அரிதாக நிகழ்வது என்று பொருள் எழுதச் சொல்கிறோம். அத்தி உண்மையில் பூக்காத மரமா? தட்டில் வளரும் இத்தியும் பட்டாணி அளவில் காய்க்கும். ஒரு காயைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியை மாணவனிடம் கொடுங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள்! நாம் காய் என்று நினைத்ததே மூடிய பூங்கொத்து. காயின் நுனித்துளை வழியே கடுகினும் சிறிய குளவி நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. உலகில் ஏறத்தாழ 750க்கும் மேற்பட்ட அத்தியினங்கள் உள்ளன. பெரும்பாலும் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிக் குளவியினம் உண்டு. மரபுத்தொடர், அறிவியல், உயிரினங்களின் கூட்டுவாழ்வு ஆகிய மூன்றும் ஒரு பட்டாணிக்குள் அடக்கம்.

ஆரா என்பது அத்தியினத்துக்கு மலாய்ப் பெயர். பாலில்லாத ஆராவுக்காகக் காத்திருப்பது என்று மலாய்க்காரர்கள் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். நடவாததற்காகக் காத்திருத்தல் என்பது அதன் பொருள். இலையைக் கிள்ளினால் வெண்பால் வடியும் அத்தியைக் கண்ணால் கண்ட மாணவனுக்கு இரண்டு மொழிகளின் பழமொழிகளும் ஒருசேர விளங்கும். மரத்தின் கிளையிலிருந்து காற்றில் இறங்கி மண் தேடும் வேருக்குத் தமிழில் 'விழுது' என்று ஒரே சொல் இருக்கிறது. அச்சொல்லைப் படத்தில் காட்டுவதினும் தட்டில் காட்டுவது மேல் அன்றோ?

எதிர்ப்புகளும் மறுமொழிகளும்

"அரசையும் ஆலையும் வீட்டில் வைக்கலாகாது, தெய்வக் குற்றம்" என்பது முதல் எதிர்ப்பு. பெரியோர் தடுத்ததற்குக் காரணம் உண்டு. இம்மரங்களின் வேர் சுவரைப் பிளக்கும், கிணற்றைக் கெடுக்கும், அடித்தளத்தைப் பெயர்க்கும். ஆகவே வீட்டருகே தரையில் நடாதே என்றனர். தட்டில் இருக்கும் மரத்துக்கு அக்காரணம் பொருந்தாது. தெய்வத்தன்மை குறையுமோ என்று அஞ்சுவோர் அனுராதபுரத்தை நினைக்கட்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கயையின் அரசமரக் கிளை சங்கமித்திரையால் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது பொற்கலத்தில் வைத்துக் கொணரப்பட்டதாக மரபு கூறுகிறது. இன்றும் வழிபடப்படும் அம்மரம் கடல் கடந்தது ஒரு கலத்தில்தான்.

"டிங்கிக் கொசு வளரும்" என்பது இரண்டாவது. நியாயமான அச்சம். போன்சாய்த் தட்டின் அடியில் துளைகள் இருக்கும், நீர் தேங்காது. தட்டுக்கடியில் நீர் பிடிக்கும் சாசரை வைக்காதீர்கள். பலகை மேல் வையுங்கள், போதும்.

"பால் பட்டால் அரிக்கும், கத்தரியால் காயம்படும்" என்பது மூன்றாவது. சிலர் தோலுக்கு அத்திப்பால் ஒவ்வாது என்பது உண்மை. கையுறை அணிந்து வெட்டி, உடனே கைகழுவினால் போதும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூரிய கருவி ஆசிரியர் கையில் இருக்கட்டும். நீரும் நுனி கிள்ளலும் மாணவர் கையில் இருக்கட்டும்.

"நேரமேது?" என்பது நான்காவது. காலையில் பத்து நிமிடம். அதுவும் முறைவைத்துச் செய்தால் ஒரு மாணவனுக்கு மாதத்தில் ஓரிரு நாள்தான். விடுமுறைக்கு ஒவ்வொரு தட்டையும் ஒரு வீட்டுக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வந்த மரத்தைக் கவனிக்கத் தகப்பனும் முற்றத்துக்கு வருவான். பெற்றோரைப் பள்ளியோடு இணைக்க எத்தனையோ கூட்டம் கூட்டுகிறோமே, ஒரு தட்டு மரம் செய்வதை அவை செய்ததுண்டா?

"செலவு" என்பது ஐந்தாவது. கன்று உங்கள் கால்வாயிலேயே இருக்கிறது. தட்டு சில வெள்ளிக்குக் கிடைக்கும். பார்வையாளர் வருகைக்கென்று நூற்றுக்கணக்கான வெள்ளிக்குப் பூந்தொட்டி வாங்கி, வருகை முடிந்ததும் வாடவிடும் வழக்கத்தைவிட இது சிக்கனம்.

தொடங்கும் முறை

1. இத்தியைத் தேர்ந்தெடுங்கள். இலை சிறியது, வெட்டுத் தாங்கும், மறந்தும் பிழைக்கும். ஆலின் இலை பெரிது. அரசு நெடுநெடுவென்று ஓடும். அவை பழகிய கைக்கு உரியவை.

2. சுவரிலிருந்து கன்றை எடுக்கும்போது மழைக்குப் பின் எடுங்கள். வேர் கிடைத்த மட்டும் போதும். இலைகளில் பாதியைக் கத்தரித்து, ஆழமான சாடியில் நட்டு, சில வாரம் நிழலில் வையுங்கள்.

3. உடனே தட்டுக்கு மாற்றாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் சாடியில் தாராளமாக வளரட்டும். அடிமரம் பருப்பது அப்போதுதான்.

4. தட்டுக்கான மண்ணில் பொடித்த செங்கல் துண்டு, பருமணல், மக்கிய எரு மூன்றும் சம அளவில் இருக்கட்டும். தோட்டத்துக் களிமண் கூடாது. துளைகளின் மேல் வலைத்துண்டு வைத்து, மரம் ஆடாதபடி கம்பியால் தட்டோடு கட்டுங்கள்.

5. வெயிலில் வையுங்கள். ஆசிரியர் அறை அலங்காரத்துக்கு ஒரு நாள் கொண்டுவரலாம். அங்கேயே குடிவைத்தால் இலை கொட்டும்.

6. மேல்மண் காயத் தொடங்கும்போது, தட்டின் துளைவழி வடியும் வரை நீர் ஊற்றுங்கள். புதுத் தளிர் ஆறேழு இலை விட்டதும் இரண்டு இலையை வைத்துவிட்டு நுனியைக் கிள்ளுங்கள்.

7. இலை மடிந்து சுருண்டால் உள்ளே கரிய நுண்பூச்சிகள் இருக்கும். அவ்விலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். மாவுப்பூச்சியைச் சவர்க்கார நீரால் துடையுங்கள்.

8. விழுது வேண்டுமா? கிளையில் தலைகாட்டும் சிறு வேரை, ஈரமான தேங்காய் நார்த்தூள் நிரப்பிய உறிஞ்சுகுழலுக்குள் நுழைத்து மண்ணில் ஊன்றுங்கள். மாணவர்கள் அதனை நாள்தோறும் எட்டிப் பார்ப்பார்கள்.

தோட்டம் போனது, மரமுமா போகவேண்டும்?

இனி நான் சொல்லவந்தவற்றுள் தலையாயதைச் சொல்கிறேன்.

நெகிரி செம்பிலானில் காப்பி போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான்கள் வந்துகொண்டிருக்கின்றன. லயன் வீடுகள் இடிந்தன. மக்கள் நகர்ந்தனர். தோட்டப் பள்ளிகள் பலவும் அவர்களைப் பின்தொடர்ந்து புதிய இடங்களுக்கு மாறின, இன்னும் மாறுகின்றன. பள்ளிக்குப் பெயர்ப்பலகை வருகிறது, நாற்காலி வருகிறது, கிண்ணங்களும் கேடயங்களும் வருகின்றன. பள்ளி வாசலிலோ கோயிலடியிலோ மூன்று தலைமுறைக்கு நிழல் தந்த ஆலோ அரசோ வருவதில்லை. நாம் வெளியேறிய மறுவாரம் அதன் அடியில் புல்டோசர் நிற்கும். இடம்மாறிய பள்ளி ஒன்றின் ஆண்டு மலரைக் கண்டேன். அட்டையில் பழைய மரத்தின் படம். உள்ளே அதனைப் பற்றி நான்கு முன்னாள் மாணவர்களின் உருக்கமான கட்டுரைகள். மரம் மட்டும் எங்கும் இல்லை!

அதனைக் கொண்டுவர முடியாதா? முடியும். கட்டைவிரல் பருமனுள்ள கிளையில் இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்குங்கள். கீழுள்ள வழவழப்பான படலத்தையும் சுரண்டிவிடுங்கள். ஈரத் தேங்காய் நாரை வைத்து நெகிழித்தாளால் இறுகக் கட்டுங்கள். நம் நாட்டு ஈரத்தில் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் வெண்வேர்கள் தெரியும். அதற்குக் கீழே அறுத்துச் சாடியில் நடுங்கள். பிறகு தட்டுக்கு மாற்றுங்கள். இது அம்மரத்தின் பிள்ளையன்று, அம்மரமேதான். அதே மரபணு, அதே உயிர். பாட்டி கத்தியை வாங்கி எங்களுக்குச் செய்துகாட்டியதும் இதுவே.

ஒரு பள்ளியின் இடமாற்றம் அறிவிக்கப்பட்டு, நிலம் கிடைத்து, கட்டடம் எழுந்து முடிவதற்குள் ஆண்டுகள் ஓடுகின்றன. அதற்குள் எட்டு வாரம் கிடைக்கவில்லையா? கட்டடக் குழு அமைக்கிறோம், நிதிக் குழு அமைக்கிறோம், விருந்துக் குழுவும் அமைக்கிறோம். மரத்துக்கென்று இருவர் போதுமே! புதிய பள்ளியில் இடம் குறைவு, எங்கும் சிமெண்டுத் தரை, தரையில் ஆல் நட அனுமதி கிடைக்காது. எல்லாம் உண்மை. அதனால்தான் தட்டு என்கிறேன். ஓரடித் தட்டுக்கு எந்த இலாகாவிலும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒருநாள் நிலம் கிடைத்தால் அதே மரத்தைத் தரையில் இறக்கலாம். அதுவரை அது உயிரோடிருக்கும்.

கொல்கத்தாவை அடுத்த ஹவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோயுற்ற அதன் அடிமரத்தை 1925ஆம் ஆண்டில் அகற்றிவிட்டனர். மரம் சாகவில்லை. விழுதுகளே தூண்களாகி இன்றும் தாங்கி நிற்கின்றன. தோட்டம் என்னும் நம் அடிமரம் போய்விட்டது. மிஞ்சியிருப்பவை விழுதுகள். 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட நம் சிறிய தமிழ்ப்பள்ளிகளும் அவ்விழுதுகளுள் அடங்கும். அவற்றைச் சிறியவை என்று இகழ்ந்து பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்புவோரும், தட்டு மரத்தைச் சிறியது என்று பழிப்போரும் செய்யும் தவறு ஒன்றே. அளவைப் பார்க்கிறார்கள், உயிரைப் பார்ப்பதில்லை.

தலைமையாசிரியர்களே, இடமாற்றக் கடிதம் வந்திருந்தால் இந்த வாரமே மரத்தடிக்குச் செல்லுங்கள். ஆசிரியர்களே, கால்வாயில் முளைத்த இத்தியைப் பணியாளர் ஒடிப்பதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியின் கை சும்மா இருக்கிறது. அக்கையைப் பள்ளிக்கு அனுப்பிவையுங்கள்.

அடுத்த விழாவில் எவரேனும் போன்சாயைப் பழித்தால், கைதட்டலுக்கு முன்பாகப் பணிவோடு எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, தாங்கள் ஒரு மரத்துக்கேனும் ஓராண்டு, ஒரு நாளும் தவறாமல், நீர் ஊற்றியதுண்டா?"

சிந்திப்போம். செயல்படுவோம்.